பட்டறையிலிருந்து வந்த காற்று

என் மனைவி நீளமாகப் பேசுகிறவள். பக்கத்துக் காம்பராக்காரியோடு பேசினாலும் சரி, என்னைத் திட்டினாலும் சரி, ஒரு பேச்சை எடுத்தால் அது எங்கெங்கோ சுற்றி, என் தாய்மாமன் கல்யாணம்வரை போய், திரும்பி அடுப்படிக்கு வந்துதான் நிற்கும். நடுவில் நிறுத்த மாட்டாள். அந்தப் பேச்சு குட்டையாகிக்கொண்டு வந்ததைத்தான் நான் முதலில் கவனித்தேன். "தண்ணி புடிச்சு வைக்கச் சொன்னேனே" என்று தொடங்குவாள். அதோடு விட்டுவிட்டு, வாசல் நிலையில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பாள். கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இலங்கை மலைநாட்டில், அட்டன் பக்கம், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள். தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். நான் அந்த ஸ்டோரில் என்ஜின்காரன். எண்ணெயில் ஓடும் பெரிய என்ஜின் ஒன்று. அது சுழன்றால் கூரைக்குக் கீழே நீளமான இரும்புத் தண்டு ஒன்று சுழலும். அதிலிருந்து தோல் பட்டைகள் இறங்கி, இலை உருட்டுகிற யந்திரத்தையும் சல்லடைகளையும் ஆட்டும். அவள் வேலை செய்தது சலிப்பறையில். காய்ந்த தேயிலையைச் சல்லடைகள் தரம் பிரிக்க, பெண்கள் கீழே உட்கார்ந்து குச்சியும் நாரும் பொறுக்குவார்கள். அந்த அறையில் எந்நேரமும் தூசு நிற்கும். மண் தூசு மாதிரி உறுத்தாது. பஞ்சு மாதிரி மெதுவானது, பழுப்பு நிறம். வேலை முடிந்து வெளியே வரும்போது அவளுடைய புருவத்திலும் கன்னத்து முடியிலும் அது படிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை தலை முழுகினால் தண்ணீர் பால் விடாத சாயத்தண்ணீர்த் தேநீர் நிறத்தில் ஓடும். "சீனி போட்டா குடிச்சிறலாம்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பதினொரு வருஷம் அந்த அறையில் இருந்தாள். அந்தச் சல்லடைகளை ஆட்டியது என் என்ஜின்தான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஸ்டோரிலிருந்து எங்கள் லயத்துக்கு, ஒரே கூரையில் வரிசையாகக் கட்டிய காம்பரா அறைகளுக்கு, ஏற்றம். கல் படிகள், பிறகு ஒரு வளைவு, மறுபடி படிகள். ஒரு நாள் வளைவில் நின்றுவிட்டாள். நான் ஏழெட்டுப் படி மேலே போன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்க போங்க. நான் வாறேன்."

"காலு வலிக்குதா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றாள். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. கழுத்துக் குழியில் தோல் உள்ளே போய் வந்தது. உதட்டைக் குவித்து, அடுப்பு ஊதுகிறவள் மாதிரி மெதுவாக ஊதிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவள் அப்படி ஊதக் கற்றுக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.

"போன மழைக்கு முன்னுக்கே" என்றாள்.

தோட்டத்து மருந்து ஐயா நல்ல மனிதர். நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு, "சளி கட்டியிருக்கு" என்று சிவப்பு மருந்து கொடுத்தார். போத்தல் போத்தலாகக் குடித்தாள். இருமல் கொஞ்சம் மட்டுப்படும், மறுபடி வரும். சளி என்று சொல்லிக்கொள்ள அவளுக்குப் பெரிதாக எதுவும் வரவும் இல்லை. அவளுடைய தங்கை பக்கத்து லயத்தில் கட்டிக்கொடுத்தவள், கொழுந்து பறிக்கிறவள். அவள் எங்கிருந்தோ ஊமத்தை இலை கொண்டுவந்து காயவைத்து, நெருப்பில் போட்டுப் புகை பிடிக்கச் சொன்னாள். அதில் ஒரு அரை நாள் சுகமாக இருக்கும். பிறகு கண் மங்கி வாய் வறண்டு கிடப்பாள்.

நான் டீமேக்கர் ஐயாவிடம் போனேன். ஸ்டோருக்குள் அவர் சொல்வதுதான் நடக்கும்.

"சலிப்பறைச் சுவத்துல ஒரு ஓட்டை போட்டு ஒரு காத்தாடி மாட்டினா தூசு வெளிய போயிருங்க. பட்டை இழுக்கிற வேலை நானே செஞ்சு தாறேன்."

அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். தொரையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஒரு வாரம் கழித்து, "தூசு வெளிய போனா பனி உள்ள வரும். தூள் நமுத்துப் போகும்னு சொல்லிட்டாரு" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. எங்கள் மலையில் பனி எந்தச் சந்திலும் நுழையும்.

அவளை அந்த அறையிலிருந்து மாற்றி, கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பும்படி கேட்டேன். மாற்றினார்கள். மூன்று நாள் போனாள். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு செங்குத்தான மலையில் ஏற அவளால் முடியவில்லை. மூன்றாம் நாள் பாதி மலையில் தேயிலைச் செடியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். தங்கைதான் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்தாள். தோட்டத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மறு வாரம் அவள் சலிப்பறைக்கே திரும்பிப் போனாள்.

அந்த வருஷ மழையில் காய்ச்சல் வந்தது. முதல் நாள் குளிர் நடுக்கம், மறுநாள் நெஞ்சுக் குத்து. படுக்க முடியவில்லை. படுத்தால் தண்ணீரில் முங்கினவள் மாதிரி திமிறி எழுந்துவிடுவாள். கம்பளிகளைச் சுருட்டி முதுகுக்கு வைத்து உட்கார வைத்தோம். அவள் எதுவும் பேசவில்லை. பேச்சுக்குக் கொடுக்க அவளிடம் மூச்சு இல்லை. மறுநாள் காலை வெளிச்சத்தில் அவள் உதட்டைப் பார்த்தேன். நாவல் பழம் தின்ற மாதிரி இருந்தது. நகங்களும் அதே நிறம். மருந்து ஐயா வந்து பார்த்தார். நெஞ்சைத் தொடக்கூட இல்லை.

"டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இங்க வச்சிருந்து நான் என்னத்தச் செய்யிறது" என்றார்.

நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, நாலு பேர் தூக்கிக்கொண்டு படி இறங்கினோம். மழை பெய்துகொண்டிருந்தது. தங்கை குடை பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தாள். கீழே ரோட்டில் தோட்டத்து லொறி நின்றது. தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவில் அவளை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். என் கைக்குள் அவளுடைய விலா எலும்புகள் வேலை செய்துகொண்டிருந்தன. வெறும் மூச்சு விடுவதற்கு ஒரு உடம்பு இவ்வளவு பாடுபடுமா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான ஆள், குரல் உயர்த்தாதவர். அவளைப் பார்த்ததும் தாதியிடம் என்னவோ இங்கிலீஷில் சொன்னார். இரண்டு பேர் அறைக்கோடியிலிருந்து ஒரு சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து கட்டிலருகே நிறுத்திக் கயிற்றால் கட்டினார்கள். என் நெஞ்சளவு உயரம், கறுப்பு இரும்பு. அதன் கழுத்தில் ஒரு சின்ன வட்ட முகம், அதில் ஒரு முள். அதிலிருந்து ரப்பர் குழாய் ஒன்று தண்ணீர் போத்தலுக்குள் போய், மறு வாயால் வெளியே வந்தது. மெல்லிய குழாயில் எண்ணெய் மாதிரி எதையோ தடவி அவளுடைய மூக்குக்குள் விட்டு, நெற்றியில் பிளாஸ்டர் போட்டு ஒட்டினார்கள். திருகைத் திறக்கத் தாதி சிரமப்பட்டாள். என் கை தானாகவே நீண்டது. இதமாகக் கால் சுற்றுத் திருப்பினேன். போத்தலில் குமிழிகள் எழும்பின.

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீர் புருசனோ?"

"ஆமாங்கய்யா."

"என்ன வேலை?"

"தோட்டத்து ஸ்டோர்ல என்ஜின் ஓட்டுறேங்க."

"அப்ப உந்த முள்ளு பாக்கத் தெரியும்."

"தெரியுங்க."

"நல்லது. இஞ்ச உள்ளவைக்கு இந்தச் சாமானில பயம். நீரே பக்கத்தில இருந்து பாத்துக்கொள்ளும். முள்ளு அடிக்கு வந்தா என்னைக் கூப்பிடும்."

இது என்ன காற்று என்று கேட்டேன். ஒக்சிஜன் என்றார். அந்தப் பேரை எங்கள் ஸ்டோருக்கு வெல்டிங் வேலைக்கு வந்த பட்டறைக்காரரிடம் கேட்டிருந்தேன். அதுதானா இது என்று அப்போது கேட்கத் துணிவு வரவில்லை.

"அவவின்ர நெஞ்சுக்குள்ள பழைய காத்து நிண்டு போச்சு. புதுசு போக இடமில்லை. அதோட இப்ப நிமோனியாவும்" என்றார் டாக்டர். "காய்ச்சல் இறங்குமட்டும் இது தாங்கிப் பிடிக்கும். நோயை மாத்தாது. விளங்குதோ?"

விளங்கியது என்று தலையை ஆட்டினேன். புகை போகும் வழி அடைத்துப்போன என்ஜின் எப்படித் திணறும் என்று எனக்குத் தெரியும். அதைக் கழற்றித் துடைக்கவும் தெரியும்.

ஒரு மணி நேரம் இருக்கும். அவளுடைய உதட்டில் முதலில் ஒரு ஓரத்தில் நிறம் வந்தது. பிறகு நகங்களில். தோள்கள் இறங்கின. கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள். பிறகு பேசினாள். பல மாதமாக நான் கேட்காத பேச்சு அது.

"அடுப்புல பானைய வச்சிட்டு வந்தமே, யாராச்சும் எறக்கி வச்சாங்களா இல்லையான்னு தங்கச்சிகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? நனைஞ்ச சட்டையோட குந்திக்கிட்டு அந்த இரும்பையே பாத்துக்கிட்டு இருக்கீங்க, ஒங்களுக்குக் காய்ச்சல் வந்தா யாரு பாக்கிறது?"

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். நான் சட்டையைக் கழற்றிப் பிழிந்தேன். அவள் திட்டத் திட்ட நான் பிழிந்துகொண்டே இருந்தேன்.

அன்றைக்குப் பகல் முழுவதும் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ஜினில் முள் இறங்கினால் நான் எண்ணெய் விடுவேன், வால்வைத் தட்டுவேன், ஏதாவது செய்வேன். இந்த முள்ளுக்கு நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. அவள் மூச்சு விட விட அது இறங்கும். இறங்கக் கூடாது என்றால் அவள் மூச்சு விடக் கூடாது. சிலிண்டர் ஏற்கெனவே யாருக்கோ பாதி கொடுத்தது. ஆஸ்பத்திரியில் இருந்ததும் அது ஒன்றுதான். இன்னொன்று கொழும்பிலிருந்து ரயிலில் வர வேண்டும், தந்தி கொடுத்திருக்கிறோம் என்றாள் தாதி.

"அந்த முள்ளு என்னா சொல்லுது?" என்று அவள் கேட்டாள்.

"பாதிக்கு மேல இருக்கு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். எனக்குப் பொய் சொல்ல வராது என்று அவளுக்குத் தெரியும். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்கு அதற்குப் பிறகு அவள் நீளமாகப் பேசவில்லை. மிச்சம் பிடித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் காலையில், பாதையில் மண் சரிந்து ரயில் நிற்கிறது என்று செய்தி வந்தது. எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியாது. முள் அடியிலிருந்து இரண்டு கோடு மேலே நின்றது. நான் டாக்டரிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"ஐயா, டவுன்ல வெல்டிங் பட்டறை ஒண்ணு இருக்குங்க. அங்க இரும்பு வெட்டுறதுக்கு ஒக்சிஜன் வச்சிருக்காங்க. எங்க ஸ்டோருக்குக் கொண்டாந்து நான் பாத்திருக்கேன். அதும் இதும் ஒண்ணுதானுங்களா?"

அவர் பேனாவை வைத்தார்.

"ஒண்டுதான். ஆனா அதைக் கொண்டுவா எண்டு நான் எழுதித் தர ஏலாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீர் கொண்டு வந்தால் நான் பாக்கிறன்" என்றார்.

பட்டறை கடைவீதியின் முடிவில் இருந்தது. லொறிகளும் ஸ்டோர் யந்திரங்களும் அங்கேதான் பழுது பார்ப்பார்கள். முதலாளி முஸ்லிம், வயதானவர். அப்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு சக்கரத்தை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தீயை அணைத்தார்.

"ஸ்டோர்ல என்னா ஒடஞ்சிச்சு?"

"ஸ்டோர்ல ஒண்ணும் இல்லைங்க முதலாளி. என் சம்சாரத்துக்கு மூச்சு முட்டுது. ஆஸ்பத்திரியில ஒக்சிஜன் முடியப் போகுது. ஒரு சிலிண்டர் வேணுங்க."

அவருக்கு விளங்கவில்லை. இரண்டாம் தரமும் சொன்னேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"மனுசர் உள்ளுக்கு எடுக்கிற காத்தும் இதுதானா?"

"டாக்டர் ஐயா அப்படித்தான் சொல்றாருங்க."

"எத்தின வருசமா இத வச்சு இரும்பு வெட்டுறேன். எனக்கு இது தெரியாமப் போச்சே" என்றார். பிறகு எழுந்தார். "ரெண்டு ஈக்குது. ஒண்டு புதுசு, மத்தது அரவாசி. புதுச எடு. மொதல்ல போய்க் கையக் கழுவு."

நான் விழித்தேன்.

"எண்ணெக் கையோட இதத் தொடாத. இந்தக் காத்தும் எண்ணெயும் சேந்தா பத்திக்கிரும். சவுக்காரம் அங்க ஈக்குது."

என் கையில் எண்ணெய் வருஷக்கணக்கில் ஊறியிருந்தது. விரல் ரேகைகள் எல்லாம் கறுப்பு. சவுக்காரம் போட்டேன், சாம்பல் போட்டேன், செங்கல் துண்டால் தேய்த்தேன். நகக்கண்ணில் இரத்தம் வந்தது. ரேகையின் கறுப்பு போகவில்லை. முதலாளி வந்து என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு சுத்தமான துணியைக் கொடுத்து, "இதச் சுத்திக்கிட்டுப் புடி" என்றார்.

கைவண்டியில் ஏற்றினோம். ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோடு மேடு. நான் இழுத்தேன், அவர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தார். மழை நிற்கவில்லை. பாதி மேட்டில் நான் மூச்சு வாங்க நின்றேன். நிற்க என்னால் முடிந்தது. ஒரு நிமிஷத்தில் மூச்சு திரும்பி வந்தது. அது வந்தது எனக்குப் பிடிக்கவே இல்லை.

வார்டுக்குள் சிலிண்டரை நிறுத்தியதும் டாக்டர் அதைச் சுற்றிவந்து பார்த்தார். பழைய சிலிண்டரின் முள் முகத்தைக் கழற்றி இதில் மாட்டினேன். மரை சரியாகப் பொருந்தியது. ரப்பர் குழாயை அவளுக்குக் கொடுக்கும் முன் டாக்டர் வாங்கிக்கொண்டார். பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்து, அதைத் தன் மூக்கருகே பிடித்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சு விட்டார். நாங்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். கட்டிலில் அவளும் பார்த்தாள். பழைய சிலிண்டர் நின்று பத்து நிமிஷம் ஆகியிருந்தது, உதடு மறுபடி கறுக்கத் தொடங்கியிருந்தது. டாக்டர் எழுந்து, "மணம் ஒண்டும் இல்லை. குடுப்பம்" என்றார்.

போத்தலில் குமிழி வந்ததும் முதலாளி வாசலிலேயே நின்று அவளுடைய முகத்தைப் பார்த்தார். நிறம் மாறியதைக் கண்டார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். சாயந்தரம் அரைவாசி இருந்த மற்றச் சிலிண்டரும் ஒரு ஆளோடு வந்து சேர்ந்தது.

அந்த இரண்டும் மூன்று நாள் தாங்கின. குமிழியைக் குறைத்துக் குறைத்துத் தாங்க வைத்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. ரயில் இன்னும் ஓடவில்லை. டாக்டர் வந்து, இனிக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திப் பார்ப்போம் என்றார். திருகை மூடச் சொன்னார். மூட வேண்டியவன் நான். தாதி மூடியிருக்கலாம், ஆனால் அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். மூடினேன். போத்தலில் தண்ணீர் அசையாமல் நின்றது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொறங்க."

"கொஞ்ச நேரம் பாப்பம் புள்ள. டாக்டர் ஐயா சொல்றாரு."

"தொறங்கங்க."

டாக்டர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் உதட்டைக் குவித்து ஊதி ஊதி மூச்சு விட்டாள். அவளுடைய கண் திருகை விட்டுப் போகவில்லை. என் கை அதன்மேலேயே இருந்தது. அரை மணி நேரம் அப்படிப் போனது. பிறகு திறக்கச் சொன்னார். மறு தடவை ஒரு மணி நேரம். அப்புறம் திறப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. முள் அடியில் படுத்துவிட்டது.

ஆனாலும் அவள் இருந்தாள். அடுத்த இரண்டு நாளும் உட்கார்ந்தபடியே, கால் மூச்சும் அரை மூச்சுமாக இருந்தாள். ரயில் ஓடத் தொடங்கியதும் கொழும்பிலிருந்து புதுச் சிலிண்டர் வந்தது. அதைச் சுமந்துகொண்டு எங்கள் வார்டைத் தாண்டி ஆண்கள் பக்கம் போனார்கள். அங்கே ஒருவர் சாகக் கிடந்தார். நியாயம்தான். அவள் அது போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டரைத் தனியாகக் கண்டேன்.

"அந்தக் காத்தை வீட்டுல வச்சுக் குடுக்க ஏலாதுங்களா ஐயா?"

"ஒரு சிலிண்டர் எவ்வளவு நேரம் வந்தது எண்டு நீர்தானே பாத்தனீர்."

"பாத்தேங்க."

"பிறகென்ன கேள்வி?" கடிந்து சொல்லவில்லை. அவரும் களைத்திருந்தார். "காய்ச்சலை வெண்டாச்சு. அந்த நெஞ்சு திரும்பாது. தூசிக்குள்ள விடாதேயும். ஏலுமெண்டா கீழ்நாட்டுப் பக்கம் கொண்டு போம். மலையில காத்து மெல்லிசு."

கீழ்நாட்டில் எங்களுக்கு யார் இருந்தார்கள்? கடலுக்கு அந்தப் பக்கம் என் அப்பன் பிறந்த ஊரின் பேர் தெரியும், அவ்வளவுதான். நான் என்ஜின்காரனாக இருந்ததால்தான் எங்களுக்கு அந்தக் காம்பரா. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே தூரங்கள் உண்டாகிவிட்டன. அடுப்பிலிருந்து வாசல் ஒரு தூரம், இடையில் பெட்டிமேல் உட்கார்ந்துதான் போக வேண்டும். வாசலிலிருந்து தண்ணீர் பிடிக்கிற பீலி இன்னொரு தூரம். கொஞ்ச நாளில் அதை விட்டுவிட்டாள். தலை சீவக் கையை உயர்த்தினால் மூச்சு முட்டும் என்பதால் தங்கை வந்து சீவிவிடுவாள். சோறு தின்பதும் மூச்சு விடுவதும் ஒன்றோடொன்று சண்டை போட்டன. இரண்டு கவளத்தில் தட்டைத் தள்ளிவிடுவாள். நான் ஸ்டோர் முடிந்து வந்து எதிரே உட்கார்ந்திருப்பேன். என்ன வேண்டும் என்று கேட்பேன். ஒன்றும் வேண்டாம் என்று கையைக் காட்டுவாள். அவளுக்கு வேண்டியது என்னவென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒருமுறை பட்டறை முதலாளி ஸ்டோருக்கு வேலையாக வந்தார். "ஒன் பொண்டாட்டி எப்படி ஈக்கிறா?" என்று கேட்டார். "இருக்காங்க" என்றேன். போகும்போது, வேலை முடிந்து அடியில் கொஞ்சம் காற்று மிஞ்சியிருந்த சிலிண்டரைத் திரும்ப ஏற்றாமல் என்ஜின் அறை மூலையில் வைத்துவிட்டுப் போனார். அன்று மாலை நானும் தங்கையின் புருஷனும் அதைச் சுமந்துகொண்டு லயத்துக்கு ஏறினோம். வட்ட முகம் இல்லை, தண்ணீர் போத்தல் இல்லை. ஒரு ரப்பர் குழாயைச் சொருகி மூக்கருகே பிடித்துத் திருகைத் திறந்தேன். சீறிக்கொண்டு வந்து முகத்தில் அடித்தது. பயந்து பின்னால் சாய்ந்தாள். குறைத்து வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாள். கால் மணி நேரம் இருக்கும். சத்தம் மெலிந்து நின்றது.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

"இனிமே கொண்டாராதீங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "வந்துட்டு... போறப்பதான்... ரொம்பக் கஷ்டமா இருக்கு."

மாசி மாதம் ஒரு காலையில் நான் என்ஜினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது ஆள் வந்து கூப்பிட்டான். உதவிக்கு இருந்தவனிடம் என்ஜினை விட்டுவிட்டு ஓடினேன். ஒரே ஓட்டமாகப் படி ஏறியதில் வாசலில் போய் நின்றபோது என்னால் பேச முடியவில்லை. அவள் கட்டிலில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். உட்காருங்க என்று கையால் காட்டினாள்.

உட்கார்ந்தேன். தங்கை பின்னால் இருந்து தாங்கிக்கொண்டிருந்தாள். நான் கதவை அகலத் திறந்தேன். வெளியே பனி விலகி நல்ல வெயில். குளிர்காற்று உள்ளே வந்தது.

"மூடுங்க மச்சான், குளிரும்" என்றாள் தங்கை.

"வேணாம்" என்று அவள் வாய் அசைந்தது.

அரிசி புடைக்கிற சுளகை எடுத்து விசிறினேன். அதில் பயனில்லை என்று எனக்குத் தெரியும். காற்று அவளுடைய முகம்வரை வந்துகொண்டுதான் இருந்தது, உள்ளேதான் போகவில்லை. ஆனாலும் விசிறினேன். கை ஓயும்போது மறு கைக்கு மாற்றினேன். மூச்சுகளுக்கு இடையில் இடைவெளி நீண்டது. ஒவ்வொரு இடைவெளியிலும் நானும் மூச்சை நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன். ஸ்டோரில் மத்தியானச் சங்கு ஊதுவதற்கு முன்னால் ஒரு இடைவெளி முடியவில்லை. தங்கை என் கையைப் பிடித்துச் சுளகை வாங்கி வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து மருந்து ஐயா கூப்பிட்டு அனுப்பினார். சாவைப் பதிய வேண்டும். பெரிய புத்தகம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு வயசு கேட்டார், சொன்னேன். அடுத்த கட்டத்தில் எழுதத் தொடங்கினார்.

"என்னா எழுதுறீங்க ஐயா?"

"நெஞ்சுச் சளி."

"தூசுன்னு எழுதுங்க ஐயா. சலிப்பறைத் தூசு."

அவர் பேனாவை மையில் தோய்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு என்மேல் இரக்கம் இருந்தது. அது முகத்தில் தெரிந்தது.

"அப்படி ஒரு வியாதி இல்லையேப்பா. நான் எப்படி எழுதுறது?"

அவர் எழுதி முடித்து, ஒற்றுத்தாள் வைத்து ஒற்றி, புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். எனக்கு எழுத்துத் தெரியும் என்பதால் கைநாட்டு வேண்டியிருக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் தங்கை பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். "என்னா எழுதினாங்க மச்சான்?" என்று கேட்டாள்.

"நெஞ்சுச் சளின்னு."

"அக்காவுக்குச் சளியே இல்லையே. வெறும் வறட்டு இருமல்தானே."

"ஆமா" என்றேன்.